துர்சுனின் ஆட்டுக்கொட்டில் சுவர்

துருக்கியின் கோன்யா சமவெளியில், பழங்கால ஊர் புதைந்து கிடக்கும் கெவென் மேட்டுக்குக் காவல்காரர் துர்சுன். எட்டாயிரம் வருடங்களுக்கு முன்னால் அங்கே கோதுமை விதைத்தவர்கள், செத்தவர்களை வீட்டுத் தரைக்கடியிலேயே புதைத்துவிட்டு மேலே படுத்துத் தூங்கினார்கள். அந்த மேட்டில் துர்சுன் யாரையும் ஒரு பிடி மண் அள்ள விடமாட்டார். போன மாதம் விதவை ஹாஜர் அடுப்பு பூச எடுத்துப்போன இரண்டு சாக்கு மண்ணைக் காபிக்கடை முன்னால் கொட்டவைத்து, "பொணத்து மேல கை வெக்கிறியே, வெக்கமில்ல?" என்று ஊர் கேட்கக் கத்தினார்.

அவருடைய ஆட்டுக்கொட்டில் சுவரும் அதே மண்தான். பழைய வீடுகளின் மண்செங்கல் கரைந்த மண், காய்ந்தால் வெடிக்காது. வேலையில் சேர்வதற்கு முன்பு கட்டியிருந்தாலாவது பரவாயில்லை. சேர்ந்த பிறகு கட்டினார்.

இன்று அகழாய்வு நடத்தும் நிலூஃபர் அம்மா மோர் குடிக்க வந்திருந்தார். கோப்பையை நீட்டும்போதுதான் துர்சுன் கவனித்தார். மண்ணின் உப்புக்காக ஆடுகள் கொட்டில் சுவரை நக்கித் தேய்த்த இடத்தில் ஒரு சின்னப் பிள்ளையின் தாடை எலும்பு. அரிசி அரிசியாய்ப் பால் பற்கள். சட்டென்று முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டார்.

"உக்காருங்க துர்சுன்."

"வேணாம்மா, முதுகு வலி. நின்னாத்தான் சுகம்."

தன் அடுப்பு வெடித்துக் கிடப்பதால் துர்சுன் வீட்டு அடுப்பில் ரொட்டி சுட வந்திருந்த ஹாஜர் எட்டிப் பார்த்தாள்.

"என்னண்ணே, சுவருக்கு முட்டுக் குடுக்கிறியா? இல்ல, சுவரு உன்னைப் பிடிச்சிக்கிட்டு நிக்குதா?"

நிலூஃபர் சிரித்தார். "நல்ல சுவராத்தான் இருக்கு. மண்ணு எங்கேருந்து?"

ஹாஜர் கொடுத்தது என்று சொன்னால் ஊரே நம்பும். நம்பும்படி செய்து வைத்தவரே அவர்தானே.

"ஹாஜர்..." என்று ஆரம்பித்தும் விட்டார்.

கை நிறைய மாவோடு அவள் அவரையே பார்த்தாள். துர்சுன் சுவரை விட்டு நகர்ந்து நின்றார்.

"மேட்டு மண்ணும்மா. நான்தான் வெட்டினேன். காவல்ல இருந்துகிட்டே."

நிலூஃபர் தாடையைக் கண்டு மண்டியிட்டார். "எந்த வீட்டுத் தரையில இருந்துச்சு? பக்கத்துல பெரியவங்க யாராச்சும் கிடந்தாங்களா?"

"தெரியலம்மா. மண்வெட்டியால வாரிட்டேன்."

"அப்ப இது யாரு புள்ளன்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது. மேலதிகாரிங்களுக்கு எழுதித்தான் ஆகணும், துர்சுன்."

"எழுதுங்கம்மா."

ஹாஜர் திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவளோ மாவுக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு நிலூஃபர் பக்கத்தில் குந்தினாள்.

"அய்யோ, இத்தனூண்டா!" என்றாள்.

இரண்டு பெண்களும் சுவரைப் பார்த்தபடியே இருந்தார்கள். அவர் பக்கம் யாரும் திரும்பவில்லை.