மொட்டைமாடிக் கம்பி

அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் வாங்கிய கையோடு, திருவொற்றியூர் வீட்டு மொட்டைமாடியில் ஆன்டெனாவுக்காக நீளமாகக் கம்பி கட்டினேன். ஒரு கோடை மாலை, மணலிப் பக்கமிருந்து புழுதிக்காற்று வீசிக்கொண்டிருந்தது. மாடிக்குத் துணி எடுக்கப் போன கீழ்வீட்டு அக்கா, காசிமேட்டில் மீன் ஏலம் எடுப்பவர், கையை உதறிக்கொண்டே என் வாசலுக்கு வந்தார்.

"இன்னாம்மே, கம்பில கரண்டு வுட்டுகீறியா? சுரீர்னு அட்சிச்சு! மொதல்ல அத்த அவுத்துப் போடு."

ரேடியோவிலிருந்து கழற்றி நான் மாடியில் தொங்கவிட்டிருந்த, கம்பியோடு சேர்ந்த ஒயரின் முனையைத்தான் தொட்டிருக்கிறார். பிசகு எங்கே என்று எனக்கு உடனே புரிந்தது.

"அது வூட்டு கரண்டு இல்லக்கா. நீயே மெயினை ஆஃப் பண்ணிட்டு மேல வா."

கட்டடம் முழுக்க ஃபேன்கள் நின்றன. மாடியில் டெஸ்டரை அந்த முனையில் வைத்தேன். அப்போதும் அதன் குட்டி விளக்கு விட்டுவிட்டு மினுக்கியது. அக்கா குனிந்து அதை உற்றுப் பார்த்தார்.

"காத்துல வர்ற தூசி ஒவ்வொண்ணும் துளித்துளி மின்சாரத்தைக் கம்பில வுட்டுட்டுப் போவுது. ரெண்டு பக்கமும் பீங்கான் குமிழ்ல கட்டியிருக்கறதால அது எறங்க வழியில்ல. சேந்துகினே இருக்கும். யாராச்சும் தொட்டா அவங்க மூலமா பூமிக்குப் பாயும்."

"அப்ப வழி வுடேன்!"

மெயினைத் திரும்பப் போட்டுவிட்டு அதைத்தான் செய்தேன். கம்பிக்கும் எர்த்துக்கும் நடுவில் மின்சாரத்தைத் துளித்துளியாக மட்டுமே விடும் ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவைத்தேன். சேரும் மின்சாரம் அதன் வழியே மெல்லக் கசிந்து மண்ணுக்குப் போய்விடும். அதன் தடை மிக அதிகம் என்பதால் ரேடியோ அலை அந்த வழியில் வீணாகாது. டெஸ்டரை மறுபடி வைத்தேன். காற்று அப்படியேதான் வீசியது, விளக்கு மினுக்கவில்லை.

"நீ மொதல்ல தொடு" என்றார் அக்கா.

தயங்காமல் தொட்டேன். பிறகு அவரும் ஒற்றை விரலால் தொட்டார். அடுத்து உள்ளங்கையால் இறுகப் பிடித்தார்.

"இடி வுழுந்தா?"

"அதுக்கு இது தாங்காதுக்கா. மேகம் கறுத்தாலே ஒயரை செட்லேந்து கழட்டி எர்த்துல மாட்டிடுவேன். அப்ப நீயும் மாடிக்கு வரக்கூடாது."

"சரி, இருந்துட்டுப் போவட்டும்" என்று துணிகளை அள்ளிக்கொண்டு இறங்கினார். மறுவாரம் எதிர்வீட்டுக்காரர் கம்பியைக் காட்டி முணுமுணுத்தபோது, நான் வாய் திறக்குமுன் அக்காவே அவரைக் கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துப் போனார்.