செக்கிங் வந்த நாளில் இறுதி ஆட்டம்

இடைவேளை விசிலுக்கு முன்பே பக்கத்து வீட்டுக்காரனின் மொபெட் மைதான வாசலில் வந்து நின்றதைப் பார்த்துவிட்டேன். அந்த வண்டி நல்ல சேதி கொண்டுவந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

"செக்கிங் வந்திட்டுது. உன்ர மனிசி அழுதுகொண்டு நிக்கிறா. கெதியா வா" என்றான்.

மன்னாரிலிருந்து பதினேழு வயதில் படகேறி வந்தவன் நான். கால்பந்தைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஆனைக்குட்டம் அகதி முகாமில் இருந்த என்னைச் சிவகாசிப் பட்டாசுக் கம்பெனி ஒன்றின் டீமுக்கு இழுத்துப்போனவர் அதன் கேப்டன். அவர் அங்கே பேக்கிங்கில் வேலை பார்த்தார். நான்கு வருடம் ஆடினேன். கூட்டம் என்னைச் சிலோன் என்றுதான் கூப்பிடும். எரிச்சலாக வரும். அந்த எரிச்சலில்தான் பாதி கோல் அடித்தேன்.

அன்று விருதுநகரில் இறுதி ஆட்டம். ஒன்றுக்கு ஒன்று. எங்கள் கோல் நான் அடித்தது.

செக்கிங் என்றால் சூலக்கரை கலெக்டர் ஆபீஸிலிருந்து அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் ஜீப்பில் வருவார். பெயர் வாசிப்பார். வாசிக்கும்போது ஆள் எதிரில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள். வெட்டிய பெயரைத் திரும்பச் சேர்க்க அலைந்தே செருப்புத் தேய்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பெயர் இல்லாதவனுக்கு இந்த மண்ணில் நிற்க உரிமையில்லை. எனக்கு அப்போது கைக்குழந்தை.

கேப்டன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏலே, இன்னும் அரை ஆட்டம்தானலே. மாத்து ஆளும் கால்ல கட்டுப் போட்டு உக்காந்திருக்கான். நீயும் போனா நாங்க என்ன செய்ய?"

"பேரை வெட்டிப் போடுவினம் அண்ணே."

"மொதலாளி பேசிக்கிடுவாக. இருலே."

முதலாளியின் பேச்சு பட்டாசு லாரிவரைக்கும் செல்லும். எங்கள் பதிவேட்டில் செல்லாது. கையை உதறிவிட்டு மொபெட்டில் ஏறினேன். "ஓடிப்போறான் பாருலே!" என்று பின்னால் அவர் கத்தியது இன்றுவரை காதை விட்டுப் போகவில்லை.

ஆமத்தூரில் தீப்பெட்டி லோடு ஏற்றிய லாரி ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தது. அதன் டிரைவரைத் திட்டாத வார்த்தை இல்லை. முகாமுக்குள் நுழைந்தபோது என் பெயரை ஏற்கெனவே வாசித்து முடித்திருந்தார்கள். குளிக்கப் போயிருப்பதாக மனைவி சொல்லிச் சமாளித்திருந்தாள். கடைசி வரிசை முடிவதற்குள் வந்தால் சரி என்று அதிகாரி விட்டிருந்தார். மஞ்சள் ஜெர்சியும் பூட்ஸுமாக, வியர்வை வழிய அவர் முன்னால் போய் நின்றேன்.

"குளிச்ச ஆளா இது?" என்று கேட்டுவிட்டு டிக் போட்டார்.

எங்கள் டீம் பத்துப் பேராக ஆடி மூன்றுக்கு ஒன்றில் தோற்றது. அடுத்த நாள் கம்பெனி வாசலில் கேப்டன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஓடிப்போனவனுக்கு டீம்ல இடமில்ல" என்று வாட்ச்மேனிடம் சொல்லி அனுப்பினார். அவமானமாக இருந்தது. அதைவிடக் கோபமாக இருந்தது.

சில மாதம் வீட்டுக்குள்ளேயே உம்மென்று கிடந்தேன். மனைவிதான் பொறுக்கமாட்டாமல் பந்தைத் தூக்கி வெளியே எறிந்தாள். அதை முகாம் பெண்பிள்ளைகள் எடுத்து உதைத்த லட்சணத்தைச் சகிக்காமல் போய்த் திருத்தினேன். அப்படித்தான் கோச் ஆனேன். முகாமை ஒட்டிய நீர்த்தேக்கத்தில் தண்ணீர் வற்றிய ஓரம்தான் மைதானம். முகாமில் பெயர் வாசித்தால் அங்கே கேட்கும். பட்டாசு வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள்.

ஆறு வருடம் கழித்து ஒரு பெண்கள் போட்டியின் இறுதி ஆட்டத்துக்கு வந்தோம். எங்கள் இடத்திலேயே நடத்த வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கினேன். எதிர் டீமின் கோச்சாகத் தொப்பையோடு வந்து இறங்கியவர் அதே கேப்டன். வணக்கம்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

இரண்டாம் பாதியில் கரைமேல் ஜீப்பின் புழுதி தெரிந்தது. என் பிள்ளைகளின் கால்கள் அப்படியே நின்றுவிட்டன. பதினொரு பேரில் ஏழு பேர் முகாம். அவர்கள் போனால் மிஞ்சுவது நான்கு பேர். ஏழுக்குக் குறைந்தால் ஆட்டம் எதிராளிக்கு.

"ஓடுங்கோ பிள்ளையள்" என்றேன். நடுவரிடம் போய், தோற்றதாகவே எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

கேப்டன் வேகமாக வந்தார். "என்னலே இது, பாதி ஆட்டத்துல?"

"செக்கிங்."

பெற்றவர்களோடு வரிசையில் நின்ற ஜெர்சிகளையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். தூங்கிய கைக்குழந்தையைக்கூட எழுப்பித் தூக்கிக்கொண்டு நின்றார்கள். ஒவ்வொரு பெயரும் காற்றில் தெளிவாக வந்தது.

"அன்னைக்கும் இதுக்குத்தானா?"

"இதுக்குத்தான் அண்ணே."

அவர் தன் டீம் பக்கம் திரும்பினார். "எல்லாரும் உக்காருங்கத்தா. அந்தப் புள்ளைக வந்தப்புறம்தான் ஆட்டம்." நடுவரிடம், "வாட்சை நிறுத்துங்க சார். எம்புட்டு நேரம் ஆனாலும் சரி" என்றார்.

வரிசையில் என் ஏழு பிள்ளைகளும் நிற்கிறார்களா என்று எண்ணிக்கொண்டு நின்றேன். அவர் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார்.

"ஒம் பேரத்தான் ரெண்டு தடவையா கூப்புடுறாக. ஓடுலே!"