மாமா போட்ட பிரேக்

எங்கள் அப்பாவின் பழைய பிக்கப் வண்டியை நிறுத்த இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பிரேக்கை மிதிக்க, இன்னொருவர் கீழே குதித்துப் பின்சக்கரத்துக்குக் கல் வைக்க. கை பிரேக் என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. அதில் அப்பா துண்டு காயப்போடுவார். மூன்றாம் வகுப்பிலிருந்தே கல் வைக்கிற வேலை என்னுடையது. சனிக்கிழமைதோறும் வள்ளியூரிலிருந்து சேரன்மகாதேவிக்கு வாழைத்தார் ஏற்றப் போகும்போது, முன்சீட்டில் எனக்கு இடம் கிடைத்ததே அந்தக் கல்லால்தான். வீட்டில் நாலு வார்த்தைக்கு மேல் பேசாத அப்பா, வண்டியில் ஏறிவிட்டால் ஊர்க்கதை முழுக்கச் சொல்வார்.

அம்மாவுக்கு இது ஆகவே ஆகாது. அம்மா பள்ளிக்கூட டீச்சர். "சக்கரத்துக்கடியில கைய விடுத பிள்ளைய வேற எங்கயாவது கண்டிருக்கியளா? பிரேக்கச் சரி பண்ணுங்க. பண்ணின மறுநாள்ல இருந்து இவ வீட்ல உக்காந்து வாய்ப்பாடு படிக்கட்டும்" என்பாள். அப்பா "பாப்போம்" என்பார். அந்த "பாப்போம்" வருஷக்கணக்கில் ஓடியது. நானும் நிம்மதியாக இருந்தேன்.

அந்த நிம்மதியைக் கெடுப்பதற்கென்றே துபாயிலிருந்து மாமா லீவில் வந்தார். அம்மாவின் தம்பி. அங்கே ஒரு வண்டிப் பட்டறையில் வேலை. வந்த அன்றைக்கே வண்டிக்கடியில் படுத்துப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு எழுந்தார்.

"அத்தான், பின்னால பிரேக்கே இல்ல. முன்சக்கரத்த மட்டும் நம்பியா இவ்வளவு பாரம் ஏத்துதிய?"

பழைய டிரம் பிரேக்கைக் கழற்றிவிட்டுப் பின்னாலும் டிஸ்க் பிரேக் மாட்டப்போவதாக அறிவித்தார். அதோடு வண்டி ஜாக்கியில் ஏறியது. இறங்குகிற வழியைக் காணோம். பழைய இரும்புக்கடையில் எடுத்துவந்த பிரேக் தட்டு எங்கள் வண்டியில் உட்காரவில்லை. லேத்தில் கொடுத்துக் கடைந்துவந்தால் ஓட்டைகள் பொருந்தவில்லை. ஓட்டைகள் பொருந்திய அன்றைக்குச் சக்கரம் இடித்தது. அம்மாவின் குழம்புச் சட்டியில் போல்ட்டுகள் டீசலில் ஊறின. அப்பா வாடகை வண்டி பிடித்துத் தார் ஏற்றப் போனார். அதில் எனக்கு இடமில்லை.

கடைசியாகப் பிரேக் குழாயிலிருந்து காற்று எடுக்க வேண்டும். நான் சீட்டு நுனியில் உட்கார்ந்து பிரேக்கை மிதிக்க, மாமா கீழே படுத்துத் திருகைத் திறந்து காற்றை வெளியே விடுவார். "மிதி! அப்படியே பிடி! பைய விடுட்டி, பைய!" சாயங்காலம் முழுக்க இதே பாட்டு. என் இடத்தைப் பறிக்கிற வேலைக்கு என் காலையே கேட்டார் பாருங்கள், ஆத்திரத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கை பிரேக்குக்கும் புதுக் கேபிள் போட்டு, ஒற்றைக் கையால் இழுத்துக் காட்டினார் மாமா. அம்மா வாய்ப்பாட்டுப் புத்தகத்தைத் தூசி தட்டி மேசையில் வைத்தாள்.

அந்தச் சனிக்கிழமை, சோதனை ஓட்டம் என்று சொல்லி அப்பா என்னையும் ஏற்றிக்கொண்டார். தாமிரபரணிக்கு இறங்குகிற சரிவில், தோப்பு வாசலில் வண்டியை நிறுத்திக் கை பிரேக்கை இழுத்தார். ஓரக்கண்ணால் என்னை ஒருமுறை பார்த்தார்.

"ஏட்டி, லேசா நழுவுத மாதிரி இருக்கு. கல்ல வையி."

நழுவுவது எனக்குத் தெரியவில்லை. ஆனால் அப்பா சொன்னால் நழுவத்தானே செய்யும். நல்லவேளை, கல்லை அவர் தூர எறியாமல் சீட்டுக்கடியிலேயே வைத்திருந்தார். குதித்து ஓடி வைத்தேன்.

விஷயம் தெரிந்ததும் மாமா கொதித்துப்போனார். "நான் போட்ட பிரேக்குக்குக் கல்லா?" மறுபடி ஜாக்கி. மறுபடி மிதி, பிடி, விடு. ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் அவரைப் பைத்தியமாக்கியது. லீவு முடிந்து, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு விமானம் ஏறினார். வெள்ளிக்கிழமையானால் போன் வந்துவிடும். "அத்தான், இப்பவும் நழுவுதா?" அப்பா, "லேசா" என்பார். நான் போனைப் பிடுங்கி, "உங்களுக்கெல்லாம் அங்க யாரு மாமா சம்பளம் குடுக்காவ?" என்று கேட்டிருக்கிறேன்.

எங்கள் வீட்டு வாசலும் சரிவுதான். ஒருநாள் அம்மா பள்ளிக்கூடம் விட்டு வந்தவள், நேரே வண்டியிடம் போய்ச் சக்கரத்தடியிலிருந்த கல்லைக் காலால் எத்தித் தள்ளினாள். வண்டி அசையவில்லை. அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா அவசரமாக வண்டிக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களோடு எவ்வளவுதான் மல்லுக்கட்டுவது? "அது காலி வண்டிம்மா, அதான் நிக்குது. தார் ஏத்திப் பாரு, உருண்டுரும்" என்றேன்.

"அப்படியாட்டி?" என்று என்னிடம் கேட்டாள். பார்வை மட்டும் அப்பாவிடமே இருந்தது.

அடுத்த சனிக்கிழமை காலையில் பார்த்தால் கல்லைக் காணோம். அந்த இடத்தில் சரிவாக அறுத்த ஒரு மரக்கட்டை, அதற்கு என் உயரத்துக்கு ஒரு கைப்பிடி. சக்கரத்தின் பக்கம் கையைக் கொண்டுபோகாமல், எட்ட நின்றே கட்டையைத் தள்ளிவிடலாம். அம்மா ஆசாரியிடம் சொல்லிச் செய்துவாங்கியது. வாய்ப்பாட்டுப் புத்தகம் அலமாரிக்குத் திரும்பியிருந்தது.

கட்டையைத் தூக்கிக்கொண்டு அப்பாவுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தபோது, முதல்முறையாக மாமாவை நினைத்து எனக்குப் பாவமாக இருந்தது. கூடப்பிறந்த அக்காவுக்கே அவர் போட்ட பிரேக்கில் நம்பிக்கை இல்லையே.