நெருப்புக் கக்கிய சைலன்சர்

ரேஸ் டிராக்கில் ஓட்டுவதற்காக என் பழைய காரைச் சில மாதங்களாகப் பிரித்து மாட்டிக்கொண்டிருப்பது உங்களுக்குத் தெரியும். இன்று பிரேக்கைச் சோதிக்க, மனைவி ராஜேஸ்வரியோடு வெளியே எடுத்தேன்.

நாரணாபுரம் தாண்டி ஒரு வேகத்தடை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும், புதிதாக மாட்டிய சைலன்சர் 'படார்' என்று வெடித்து நெருப்பைத் துப்பியது.

கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் ஒட்டி வந்து நின்றது, பட்டாசு லோடு ஏற்றிய லாரி.

"அண்ணாச்சி, வண்டிய அமத்துங்க! உள்ள அம்புட்டும் சரக்கு!" என்று டிரைவர் அலறினார்.

என் கை சாவியைத் தேடியது. சாவியை எடுத்துவிட்டு ஸ்டார்ட் பட்டன் வைத்தது நான்தான். அந்த நேரத்தில் அது நினைவுக்கே வரவில்லை. பதற்றத்தில் கால் மறுபடி ஆக்சிலரேட்டரில் பட்டு, இன்னொரு 'படார்'.

ராஜேஸ்வரிதான் எட்டிப் பட்டனை அமுக்கி இன்ஜினை அணைத்தாள்.

லாரி டிரைவரும் இறங்கி வர, மூன்று பேருமாகக் காரைத் தள்ளி, தூரத்தில் பொட்டல் காட்டில் நிறுத்தினோம்.

"இங்கன நாங்க பீடிகூடப் பத்தவைக்க மாட்டோம். நீங்க நெருப்பக் கக்கிக்கிட்டு வாரீக," என்றார் டிரைவர். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிட்டோம். கார் அங்கேயே நிற்கிறது. ராஜேஸ்வரி இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

ஸ்டார்ட் செய்யாமல் காரை இழுத்துவர யாரிடமாவது டிராக்டர் இருந்தால் சொல்லுங்கள். அவளைப் பேசவைக்க வழி தெரிந்தவர்கள் அதை முதலில் சொல்லுங்கள்.