பஸ் டிரைவரின் கார் இடம்

அந்த பஸ் டிரைவர் ஆயுசில் கார் வாங்கியதில்லை. ஆனால் வீட்டுக்கு ஒரு கார் இடம் கட்டாயம் என்பது நகராட்சி விதி. அவர் வாடகையில் ஒரு பங்கு, அடித்தளத்தில் காலியாகக் கிடந்த கட்டத்துக்கே போனது. "அந்த இடம் வேண்டாம், வாடகையைக் குறைங்க" என்று கேட்டால் வீட்டுக்காரர் கையை விரிப்பார். மேலே ஒரே அறையில் நான்கு பேர் தலைமாடு கால்மாடாகப் படுத்தார்கள். கீழே, இல்லாத காருக்கு அதைவிட விசாலமான இடம். காவலாளி தினமும் கூட்டிப் பெருக்கி வேறு வைப்பார்.

நகராட்சி அந்த விதியை நீக்கியபின் எழுந்த புதுக் கட்டடத்தில், அதே வாடகைக்கு அவருக்கு இரண்டு அறை கிடைத்தது. பார்க்க வந்த மனைவியின் அண்ணன் முகம் சுளித்தார்.

"என்ன மாப்ளே, வண்டி நிறுத்த இடமே இல்லையே?"

"என் வண்டி டிப்போவுல நிக்குது மச்சான். இத்தனை வருஷமா இடமில்லாம இருந்தது நாங்கதான்."