மலைப்பாதையில் ஏழு வாய்க்கால்

என் அப்பா தன் தப்பை ஒப்புக்கொண்டதை நான் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். அப்போது எனக்குப் பத்து வயது. அந்தக் காட்சியைக் காணக் கொடுத்துவைத்தவள் எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான். அம்மாவுக்குக்கூட அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை.

அப்பா புனேயை அடுத்த ஆகுர்டியில் ஒரு வாகனத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தார். நாள் முழுக்க இரும்புப் பாகங்களை அளந்து, இம்மி கூடினாலும் குறைந்தாலும் சிவப்புத் தட்டில் தூக்கிப் போடுவது அவர் வேலை. மாலையில் அந்தச் சிவப்புத் தட்டை வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுவார். அம்மாவின் தோசையில் ஓரம் தடிப்பு, என் கையெழுத்தில் சாய்வு, எதிர்வீட்டுக்காரர் வாசலில் கட்டிய தோரணத்தில் கோணல், எல்லாமே ரிஜெக்ட். நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டார். பேசாமல் அடுத்ததற்குப் போய்விடுவார். திருச்சியிலிருந்து வந்த இத்தனை வருடத்தில் அவர் பரிசோதிக்காமல் வெளியே விட்ட ஒரே சரக்கு அவருடைய ஹிந்திதான்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் நாங்கள் இருவரும் மலைக்குப் போவோம். புனேயைச் சுற்றி எங்கே திரும்பினாலும் மலை, மலைக்கு மேல் ஒரு கோட்டை. மழைக்காலத்தில் ஊரே ஏறிப் பார்க்கக் கிளம்பிவிடும். அத்தனை கால்களும் அத்தனை மழையும் சேர்ந்து பாதையை அரித்துத் தின்றுவிடும். அதைச் சரிசெய்ய, சம்பளம் கேட்காத ஒரு கூட்டம் இருந்தது. அப்பா அதில் சேர்ந்தார். என்னை வீட்டில் விட்டால் டிவி பார்த்தே கெட்டுப்போவேன் என்று கையோடு கூட்டிப்போனார். காலையில் ஆகுர்டி ஸ்டேஷனில் லோனாவ்ளா லோக்கலைப் பிடித்து, இறங்கி ஒரு மணிநேரம் நடந்தால் எங்கள் மலை வரும். எந்த மலை என்று சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த ஞாயிறு நீங்களும் வந்து நிற்பீர்கள், பாதை தாங்காது.

கூட்டத்துக்குத் தலைவி, வங்கியில் வேலை பார்த்த ஒரு மராட்டிப் பெண்மணி. எல்லோரும் அவரைத் தாயி என்று கூப்பிடுவார்கள். மராட்டியில் அது அக்கா. அவர் பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து ஆளுக்கு ஒரு பகுதி கொடுத்திருந்தார். களாச்செடிப் புதரிலிருந்து ஒரு தட்டைப் பாறை வரைக்கும் அப்பாவின் பகுதி. சுமார் நூற்றைம்பது அடி தூரம் இருக்கும். ஆனால் அப்பாவின் கண் அங்கே இல்லை. உச்சியில் கோட்டை வாசலுக்குக் கீழே, கற்கள் பெயர்ந்து சரிந்து கிடந்த படிகள் மேல் இருந்தது. அந்தப் படிகளை எடுத்துக் கட்ட வேண்டும் என்று அவருக்கு அப்படி ஓர் ஆசை. தாயி பிடி கொடுக்கவில்லை. அண்ணாவின் பகுதி இந்த மழையைத் தாங்கி நிற்கட்டும், தீபாவளி கழிந்ததும் படிகள் அண்ணாவுக்குத்தான் என்று சொல்லியிருந்தார். எங்களைப் போன்ற மதராசிகள் எல்லோரும் அங்கே அண்ணாதான். அன்றைக்கு இரவே அப்பா என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் படிகளை அளவோடு வரைய ஆரம்பித்துவிட்டார்.

மார்ச், ஏப்ரல் முழுக்க நாங்கள் இருவரும் அந்த நூற்றைம்பது அடியில் கிடந்தோம். கல் பதிக்க அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்தார். தட்டையான முகம் மேலே வர வேண்டும். இடுக்குகளில் பொடிக்கல் திணிக்க வேண்டும். மேலே மண் போட்டு மிதிக்க வேண்டும். கடைசியில் குதிகாலை வைத்து அழுத்திப் பார்க்க வேண்டும். ஆடினால் ரிஜெக்ட். நான் பதித்த முதல் பத்துக் கல்லும் ஆடின. என் மேல் எனக்கே கோபம் வந்து, மூக்கைச் சிந்திக்கொண்டே மறுபடி பதித்தேன். ஏப்ரல் முடிவதற்குள் அந்த வேலையில் எனக்கு யாரும் நிகரில்லை என்று நம்ப ஆரம்பித்துவிட்டேன். நம்பிக்கை விஷயத்தில் நான் எப்போதுமே கொஞ்சம் முந்திக்கொள்கிறவள்.

அந்தச் சமயத்தில்தான் அப்பா விபரீதமாக ஒன்று செய்தார். நாங்கள் கஷ்டப்பட்டுச் சமப்படுத்தியிருந்த பாதையைக் குறுக்கே வெட்டினார். ஒரு முழம் அகலம், ஒரு சாண் ஆழம், சாய்வாக ஒரு வாய்க்கால். ரசமட்டத்தை வைத்துத் தண்ணீர் ஓடும் வாட்டம் பார்த்து, பள்ளத்துப் பக்கம் கல் அடுக்கினார். இப்படி இருபதடிக்கு ஒன்றாக ஏழு வாய்க்கால்.

"நல்லா இருக்கிற ரோட்ட ஏம்ப்பா வெட்டுறீங்க?"

"மழை பெஞ்சா தண்ணி ரோட்டோட இறங்கி வரும்டா. இதுல விழுந்தா அப்படியே பக்கவாட்டுல போயிடும். ரோடு தப்பிச்சுக்கும்."

எனக்கு இது நம்பும்படியாக இல்லை. அந்த மாதத்தில் அந்த மலையில் தண்ணீர் இருந்தது எங்கள் பாட்டிலில் மட்டும்தான். வெட்டாதீங்கப்பா, கெட்டுப்போயிடும் என்று இரண்டு தடவை எச்சரித்தேன். அவர் கேட்கவில்லை. என் கடமையை நான் செய்துவிட்டேன் என்று பேசாமல் இருந்தேன்.

மே கடைசியில் அம்மா வருவதாகச் சொன்னாள்.

"ஞாத்துக்கெழமை ஆனா அப்பனும் பொண்ணும் ஓடிடுறீங்க. அப்படி என்னத்தத்தான் கட்டிக் கிழிச்சீங்கன்னு நானும் வந்து பாக்குறேன்."

சொன்னபோது வீராப்பாகத்தான் சொன்னாள். ஆனால் அம்மா அதற்கு முந்தைய மழையில் எங்கள் அடுக்குமாடி வீட்டுப் படியில் வழுக்கி விழுந்து, ஆறு வாரம் காலில் மாவுக்கட்டோடு இருந்தவள். அதற்குப் பிறகு சமதரையில்கூட அவள் ஒவ்வோர் அடியையும் பார்த்துப் பார்த்துத்தான் வைப்பாள். அந்தக் கால் என் கண்ணெதிரே நின்றது. ஏழு வாய்க்காலும் என் கண்ணெதிரே நின்றன.

அந்த ஞாயிற்றுக்கிழமை உச்சியில் எல்லோருக்கும் வேலை. அப்பா கூட்டத்தோடு முன்னால் ஏறிப் போய்விட்டார். அம்மாவை மெதுவாகக் கூட்டி வரும் பொறுப்பு என்னுடையது. களாச்செடிப் புதர் வந்ததும் எனக்கு யோகம் அடித்தது. செடி கொள்ளாமல் கறுத்த பழம். அம்மா காலை மறந்தாள், கணவனை மறந்தாள், முந்தானையை விரித்துப் பறிக்க ஆரம்பித்தாள். பழம் வாய்க்கு, காய் ஊறுகாய்க்கு. அவள் பறித்து முடிப்பதற்குள் நான் ஏழு வாய்க்காலையும் மூடினேன். அப்பா சொல்லிக்கொடுத்த முறையில் இம்மி பிசகவில்லை. என் கைக்கு அடங்கிய கல்லாகப் பொறுக்கி, தட்டை முகம் மேலே வைத்து, இடுக்கில் பொடிக்கல் திணித்து, மண் போட்டு, ஏறிக் குதித்து மிதித்தேன். ஏழாவதை முடித்தபோது முழங்கையில் சிராய்ப்பு, நகமெல்லாம் மண். இவ்வளவு நல்ல பிள்ளை யாருக்கு வாய்க்கும் என்று என்னை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

அம்மா ஏறி வந்தாள். எங்கள் பகுதியில் ஓரிடத்திலும் தடுக்கவில்லை.

"பரவாயில்லையே, மெழுகின மாதிரி வெச்சிருக்காரே உங்கப்பா" என்றாள்.

நான் மறுத்துப் பேசவில்லை. நான் செய்ததை அப்பாவே பார்த்து அசந்துபோகட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் அன்று அவர் பார்க்க முடியவில்லை. மலைக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்தில் எல்லோருக்கும் கடலைமாவில் கிண்டிய பிட்லாவும் சோள ரொட்டியான பாக்ரியும் சமைத்து வைத்திருந்தார்கள். அதனால் இறங்கியது வேறு வழியில். ஜூன் முதல் வாரத்தில் மழை பிடித்துக்கொண்டது. விடாமல் எட்டு நாள் கொட்டியது.

மழை கொஞ்சம் விட்ட ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பாதையைப் பார்க்கப் போனோம். கீழே இருந்த பகுதிகள் அப்படியே இருந்தன. அவற்றிலும் வாய்க்கால் இருந்தது என்பதையும், அந்த வாய்க்கால்களில் தண்ணீர் சலசலவென்று பக்கவாட்டில் போய்க்கொண்டிருந்தது என்பதையும் நான் கவனிக்கவே இல்லை. அப்பாவின் பகுதிக்கு வந்ததும் எல்லோரும் நின்றுவிட்டார்கள். பாதை இருந்த இடத்தில் முழங்கால் ஆழத்துக்கு ஓர் ஓடை. நாங்கள் இரண்டு மாதம் பதித்த கல்லெல்லாம் கீழே புதரில் கிடந்தன.

அப்பா விடுவிடுவென்று ஓரமாக ஏறினார். நான் பின்னாலேயே ஓடினேன். தட்டைப் பாறைக்கு அருகில், மேலிருந்து முதல் வாய்க்கால் மட்டும் நான் மூடியது மூடியபடி இருந்தது. தண்ணீர் அதன் மேல் ஏறித் தாண்டி, கீழே பாதையைக் குடைந்துகொண்டு போயிருந்தது. அப்பா அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். ஒரு கல்லை விரலால் தடவினார். அடுத்த கல்லைத் தடவினார். எல்லாம் சின்னச் சின்னக் கல், எல்லாவற்றிலும் தட்டை முகம் மேலே. எழுந்து நின்று குதிகாலை வைத்து அழுத்தினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஆடல" என்றார்.

ஆடாது என்று எனக்குத்தான் தெரியுமே. நான்தான் செய்தேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் அவருடைய பாதை நாசமாகிக் கிடக்கும் நேரத்தில் என் பெருமையைப் பேசுவது அழகில்லை என்று பெருந்தன்மையாக அடக்கிக்கொண்டேன். கீழே தாயியும் மற்றவர்களும் ஏறி வரும் சத்தம் கேட்டது. அப்பா சட்டென்று குனிந்து அந்தக் கற்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்துப் புதருக்குள் வீசினார். அவர்கள் வந்து சேர்வதற்குள் வாய்க்கால் காலி. ஆடாத கல்லையும் ரிஜெக்ட் செய்கிறாரே என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

தாயி வந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தார். அண்ணா, இது எப்படி ஆயிற்று என்று கேட்டார். அப்பா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். என் மராட்டி அப்பாவின் ஹிந்தியைவிடப் பல மடங்கு சுத்தம். நான் அப்போதே சொன்னேன், பாதையை வெட்டாதீர்கள் கெட்டுப்போகும் என்று, அப்பா கேட்கவில்லை என்று எல்லோருக்கும் புரியும்படி கணீரென்று சொன்னேன்.

அப்பா கையில் ஒட்டியிருந்த மண்ணைப் பேண்டில் துடைத்தார்.

"கல்தி மேரா ஹை, தாயி. ஸ்லோப் கலத் பனாயா."

தப்பு என்னுடையது, வாட்டத்தைத் தவறாக வைத்துவிட்டேன். இலக்கணம் எப்படி இருந்தாலும் அர்த்தம் அதுதான். எதையும் மில்லிமீட்டரில் அளந்து பார்க்கிற மனிதர் பத்துப் பேர் முன்னால் தலை குனிந்து நின்றார். தீபாவளி கழிந்ததும் கோட்டைப் படிகள் சிஞ்ச்வட்டிலிருந்து வந்து கூட்டத்தில் சேர்ந்த ஒரு கான்ட்ராக்டருக்குப் போயின. அப்பா அடுத்த இரண்டு வருடம் அந்த ஆளுக்குக் கல் சுமந்து கொடுத்தார். என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பற்றி வீட்டில் அதற்கப்புறம் பேச்சே இல்லை.

இப்போது நான் புனேயை ஒட்டிய ஹிஞ்சேவாடியில் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அதே கூட்டத்தோடு அதே மலைக்குப் போகிறேன். இருபத்தைந்து வயதில் நான் சேர்ந்த வருடம் மழையில் எனக்குக் கொடுத்த வேலை, மண்ணும் கல்லும் அடைத்துக்கொண்ட வாய்க்கால்களைத் தோண்டி விடுவது. கொட்டும் மழையில் ஒரு வாய்க்காலிலிருந்து கல்லை எடுத்தேன். பாதையோடு பாய்ந்து வந்த தண்ணீர் அடுத்த நொடியே திரும்பிப் பக்கவாட்டில் இறங்கியது. கையில் கல்லோடு அப்படியே நின்றேன். அன்றைக்கு அப்பா ஒவ்வொன்றாக வீசிய கற்கள் எல்லாம் அப்போதுதான் என் மேல் வந்து விழுந்தன. அந்தக் கோட்டைப் படிகளில் ஏறும்போதெல்லாம், அப்பாவின் கை பட்டிருக்க வேண்டிய படிகள் இவை என்று இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்கிறது.

ஆனால் பத்து வயதில் எனக்கு மனசு அடித்துக்கொள்ளவில்லை. அன்று மாலை ஆகுர்டி ஸ்டேஷனில் நிறுத்தியிருந்த ஸ்கூட்டரை அப்பா எடுத்தார். நான் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். தூறிக்கொண்டிருந்தது. பாவம், முதல் தப்பு, எப்படித் தாங்குவார் என்று எனக்கு இரக்கமாக இருந்தது. சிக்னலில் வண்டி நின்றபோது அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

"விடுங்கப்பா. எல்லாருக்கும் தப்பு வரும்தானே? அடுத்த தடவ நான் சொல்றத கேளுங்க."

"சரிம்மா" என்றார்.

அதற்கப்புறம் அவருடைய தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. வீடு வந்து சேரும் வரைக்கும் குலுங்கிக்கொண்டே இருந்தன. அப்பா அழுகிறார் என்று நினைத்து, அவரை இறுகக் கட்டிக்கொண்டு நான் சமாதானம் சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் சிரித்துக்கொண்டு வந்தார் என்பது தெரிய எனக்குப் பதினைந்து வருடம் ஆயிற்று.