ஒன்றுமில்லாததற்குச் சரக்கு

ஐம்பதுகளின் நடுவில், ஒரு ரஜப் மாதம், எனக்கு மூத்தவளான ராத்தாவின் வயிற்றிலிருந்ததைக் கலைத்தார்கள். அவளுடைய மூத்த மகளுக்குக் கலியாணம் பேசும்போது தாய் பிள்ளைத்தாய்ச்சியாக நின்றால் கல்முனையே சிரிக்குமாம். நான்கு மாதம் ஆகவில்லை, உயிர் ஊதப்படவில்லை, ஆகவே அங்கே ஒன்றுமேயில்லை என்று பெரியவர்கள் தீர்மானித்தார்கள். பிறை பார்த்து மாதம் எண்ணும் பழக்கமுள்ள என்னை யாரும் கேட்கவில்லை.

இரண்டொரு நாளில் அந்த ஒன்றுமில்லாததற்கு ராத்தாவின் மார்பில் பால் கட்டியது, காய்ச்சலும் வந்தது. பெரியவர்களின் தீர்மானத்தை அவள் உடம்புக்கு யாரும் அறிவிக்கவில்லை போலும்.

"உம்மா, எனக்குச் சரக்கு அரைச்சுத் தாங்க" என்றாள். பிள்ளை பெற்றவளுக்கு மிளகும் மஞ்சளும் இஞ்சியும் சேர்த்து அரைக்கும் அந்தச் சரக்கு தெருக்கோடிவரை மணக்கும்.

"விசரி! மணந்தா, ஆரு பெத்த எண்டு கேப்பாங்க. அது புள்ள பெத்தவளுக்கெல்லுவா குடுக்கிற?"

"ஓம் உம்மா. அதுதான் கேக்கன்."

உம்மா எழுந்து உள்ளே போனாள். சிறிது நேரத்தில் அம்மிச் சத்தம் கேட்டது.

அன்று தெரு முழுவதும் மணந்தது. எந்த வீட்டில் சரக்கு மணந்தாலும் பிள்ளை பார்க்க ஓடிவரும் பெண்கள் அத்தனை பேருக்கும் அன்று ஒன்றாகத் தடிமன் பிடித்து மூக்கடைத்திருந்தது. ராத்தா தனியே இருந்து, அழுதழுது, அதைச் சோற்றில் பிசைந்து தின்றாள்.